ஆணி அடிக்காத வீடு

கரிசல் காட்டைத் தரிசாகப் போட்டு, தரிசைப் பிளாட்டாக அளந்து, மஞ்சள் பெயிண்ட் அடித்த கல் நட்டு, குறிஞ்சி நகர் என்று பேரும் வைத்துவிட்டு விற்றவர்கள் போய்விட்ட எங்கள் பகுதியில், வெயிலில் வெடித்து மழையில் ஊதும் அந்தப் பொல்லாத மண்ணில், ஆறடி தோண்டி, கிராவல் கொட்டி, கம்பி கட்டி, பேஸ்மட்டம் வரைக்கும் எழுப்பி, சோலையப்பனும் மாரிக்கனியும் ஆவணி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஒன்பதேகாலுக்கு மேல் பத்தேகாலுக்குள் தலைவாசல் நிலை வைத்தார்கள்; வைத்த கையோடு அந்த நிலைக்குள், இன்னும் ஒரு வரி செங்கல்கூட ஏறாத அந்த வீடு, கட்டி முடித்து, பால் காய்ச்சி, பல நாள் புழங்கிய வீடாகத் தெரிந்தது.

நான் எதிர்வீடு. வேலுத்தாய், தையல்காரி. அவர்கள் கட்டடத்துக்குத் தண்ணீரும் கரண்டும் என் வீட்டிலிருந்துதான் போயின. நிலைக்குப் பொட்டு வைக்கிற வேலைக்கு என்னை மாதிரிப் புருஷனை இழந்தவர்கள் முன்னால் போக முடியாது என்பதால் என் வாசலிலேயே நின்று பார்த்தேன். அதனால் ஒன்றும் குறைந்துபோகவில்லை. அந்த வீடு தெருவிலிருந்து பார்த்தால்தான் தெரியும்.

முதலில் கண்டவள் மாரிக்கனி. நிலையின் அடிக்கட்டைக்கு மஞ்சள் பூசக் குனிந்தவள், "டைல்ஸ் போட்டிருக்கு" என்றாள். ரசமட்டம் வைத்து நிலை நேராக நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்த கொத்தனார் தங்கப்பாண்டி, எட்டிப் பார்த்து, "வெள்ளை டைல்ஸு. அழுக்கு நிக்கும் தாயி, சாம்பல் கலருக்கு மாத்திக்கங்க" என்றார். சோலையப்பன் குனிந்து பார்த்தான். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. சோபாவுக்கு உறை போட்டிருந்தது. உள்ளே அடுப்பங்கரையில் கறுப்புக் கல் மேடை மேல் குக்கர் கவிழ்த்து வைத்திருந்தது. ஆள் யாரும் இல்லை, சத்தமும் இல்லை. நிலையைத் தாண்டிக் கால் வைத்தால் மணல் நிரப்பிய பேஸ்மட்டம்தான் காலில் பட்டது. அந்தப் பக்கம் போய்த் திரும்பிப் பார்த்தால் என் வீடும் என் தையல் மிஷினும்தான் தெரிந்தன. வீட்டைக் கட்டிப் பார் என்று சொல்லிவைத்தவன், கட்டுவதற்கு முன்னாலேயே பார்க்க வேண்டிவரும் என்று நினைத்திருக்கமாட்டான். வந்தவர்கள் பார்த்தார்கள், கேசரி சாப்பிட்டார்கள், வெற்றிலை மடித்துக்கொண்டு போனார்கள்.

மறுநாளிலிருந்து அது பிழைப்புக்கு உதவுகிற காரியமாகிவிட்டது. சோலையப்பன் அரசு பஸ் டிரைவர், மாரிக்கனி அங்கன்வாடி டீச்சர். இருவரும் மாடிப்படி வீட்டுக்கு வெளியே வருவதா உள்ளே வருவதா என்று ஒரு வருஷமாகப் பேசாமல் இருந்து சண்டை போட்டவர்கள். நிலைக்குள் பார்த்தால் உள்ளே படி இல்லை, ஆக வெளியேதான் என்று சண்டை முடிந்தது, அவள் மட்டும் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். எலக்ட்ரீசியன் வந்து எந்தச் சுவரில் எத்தனை சுவிட்ச் என்று பார்த்துக் கையில் எழுதிக்கொண்டான். இன்ஜினியர், தான் போட்ட பிளானில் பாத்ரூம் அந்த மூலையில் இல்லையே என்று கோபித்துக்கொண்டு போய், பிறகு பிளானைத் திருத்திக்கொண்டு வந்தார். மூன்றாம் தெருப் பெண்கள் சாயங்காலம் தலை சீவிப் பூ வைத்துக்கொண்டு வந்து, திரைச்சீலை கலர் எடுக்கவில்லை, ஷெல்புக்குக் கதவு போடவில்லை, எண்ணெய்ப் பிசுக்கு ஏறிவிடும் என்று, கட்டாத வீட்டுக்குக் குறை சொல்லிவிட்டுப் போனார்கள். வீடு கட்டிக்கொண்டிருந்த மற்றவர்கள் எல்லாம் தங்கப்பாண்டியைக் கூப்பிட்டு அதே கடையில் அதே மரத்தில் நிலை செய்து அதே நேரத்தில் வைத்துப் பார்த்தார்கள். "எங்க நிலைக்குள்ள பக்கத்துக் காட்டு எருமைதாண்ணே தெரியுது" என்று ஒருவர் வந்து சண்டைக்கு நின்றார். "எருமை தெரியுற வரைக்கும் சந்தோசப்படுங்க" என்று தங்கப்பாண்டி ஏதோ வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

அந்தச் சொல் பலித்ததோ என்னவோ, அதற்கு ஐந்தாம் நாள் காலையில், நிலைக்குள் தெரிந்த தெற்குச் சுவரில் ஒரு படம் இருப்பதை மாரிக்கனி கண்டாள்.

சட்டம் போட்ட படம். அதற்குச் சந்தன மாலை. மேலே சின்னதாக ஒரு சிவப்புப் பல்பு எரிந்துகொண்டிருந்தது. உயிரோடு இருக்கிறவர்களுக்கு யாரும் அப்படி மாலை போட்டுப் பல்பு எரிப்பதில்லை. யாருடைய முகம் என்று பார்க்கத்தான் முடியவில்லை, ஜன்னல் வெளிச்சம் கண்ணாடியில் அடித்து முகம் இருக்க வேண்டிய இடம் வெள்ளையாகக் கூசியது. சாய்ந்து பார்த்தோம், குந்திப் பார்த்தோம், மேகம் மறைக்கட்டும் என்று காத்துப் பார்த்தோம். இங்கே மேகம் மறைத்தாலும் அங்கே வெயில் அடித்தது. சோலையப்பனின் அப்பா அம்மாவும் மாரிக்கனியின் அப்பா அம்மாவும் எப்போதோ போய், அவரவர் ஊரில், அண்ணன் வீட்டிலும் தம்பி வீட்டிலும் ஜோடி ஜோடியாகச் சுவரில் இருக்கிறார்கள். இது ஒற்றைப் படம். அந்த வீட்டுக்குக் குடிபோகப் போகிறவர்கள் மூன்றே பேர்: அவன், அவள், ஏழாவது படிக்கும் மகள் யாழினி. குறை சொல்ல வந்த பெண்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். மாரிக்கனி மட்டும் நிலையின் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மத்தியானம் டூட்டி முடிந்து சோலையப்பன் காக்கிச் சட்டையோடு வந்தான். எங்கள் தெருவிலேயே உயரமானவன் அவன், ஆறடிக்கு அரை அங்குலம்தான் குறைவு. நிமிர்ந்து நின்று உள்ளே பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு திரும்பி, "மீசை தெரியுது. நான்தான்" என்று சொல்லிவிட்டு, என் வாசலுக்கு வந்து தண்ணீர் கேட்டு, கொடுத்த செம்பை ஒரே மூச்சில் குடித்தான். முகத்தில் ஒரு மாதிரி நிம்மதி இருந்தது. சாவு தனக்கென்று தெரிந்தவன் முகத்தில் நிம்மதி என்ன வேண்டிக்கிடக்கிறது என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அதன்பின் அந்த வீட்டுக்குப் பிளான் போட்டது பயம்தான். தெற்குச் சுவர் இருந்தால்தானே படம் மாட்ட முடியும் என்று அந்தச் சுவரையே எடுத்துவிட்டு ஆர்ச் வைக்கச் சொன்னார்கள். தங்கப்பாண்டி சுண்ணாம்பால் கோடு போட்ட அன்றே நிலைக்குள் ஆர்ச் தெரிந்தது, படம் மேற்குச் சுவருக்குப் போய்விட்டது. மேற்கே முழுச் சுவருக்கும் ஜன்னல் வைக்கச் சொன்னார்கள். படம் வடக்கே போயிற்று. வடக்கேயும் ஜன்னல் என்றார்கள். படம் தூணில் தொங்கியது. "ஒரு படத்துக்குப் பயந்து வீட்டையே சல்லடையாக்குறீங்க. நாளைக்குத் தளத்தை எது தாங்கும், நானா வந்து தாங்குவேன்?" என்று தங்கப்பாண்டி சத்தம் போட்டார். நிலையையே பிடுங்கிப் போடுகிறேன் என்று சோலையப்பன் ஒருநாள் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போனான். தங்கப்பாண்டி அவன் காலைப் பிடிக்காத குறை. நவதானியம் கட்டி, பொன் வைத்து, நேரம் பார்த்து வைத்த நிலையைப் பிடுங்கினால் வைத்த குடும்பமே இருக்காது என்பது எங்கள் பக்கத்துச் சொல். ஒருவர் சாவதாகத் தெரிகிறது, பிடுங்கினால் மூன்று பேர் என்று கணக்குப் போட்டு, கடப்பாரையை என் வீட்டுச் சுவரில் சாத்திவிட்டுப் போனான். வேலை நின்றது.

நின்ற வீடு எப்படி இருக்கும் என்று கட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தூணுக்கு விட்ட கம்பி துருவேறிச் சிவந்தது. அடுக்கி வைத்த சிமெண்ட் மூட்டை மழை ஈரம் பட்டு மூட்டையோடு கல்லானது. மணலில் நாய் குட்டி போட்டது, பேஸ்மட்டத்தில் எருக்கு முளைத்தது. அதன் நடுவே நிலை நின்றது. அதற்குள் மட்டும் ஃபேன் சுற்றியது, சிவப்புப் பல்பு எரிந்தது. தெருப்பிள்ளைகள் அதைப் பார்க்காமல் ஓடிக் கடக்கப் பழகிக்கொண்டார்கள். மாரிக்கனி அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் தலையைத் திருப்பிக்கொண்டு போவாள்.

எங்கள் தெரு செய்ததைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, நானும் சேர்ந்துதான் செய்தேன். சோலையப்பனிடம் யாரும் எதிர்த்துப் பேசுவதை நிறுத்தினோம். சீட்டாட்டத்தில் அவனை ஜெயிக்க விட்டார்கள். கறி எடுத்தால் ஒரு கிண்ணம் அவனுக்குப் போகும். "நல்ல மனுசனா இருந்தாரு" என்று, அவன் டீக்கடையில் உட்கார்ந்திருக்கும்போதே, அவன் காதுபடவே பேசினோம். இதெல்லாம் பரவாயில்லை, பாசம் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். பஸ்ஸில்தான் எங்கள் பாசத்தின் லட்சணம் தெரிந்தது. முதலில் குறிஞ்சி நகர் ஆட்கள் அவன் ஓட்டுகிற வண்டியை விட்டுவிட்டு அடுத்த வண்டிக்கு நின்றோம். பிறகு பக்கத்து ஊர்க்காரர்களும் நின்றார்கள். டிரைவர் சாவது எங்கே, பஸ்ஸில்தானே, சும்மா போவானா, ஏறினவனையும் கூட்டிக்கொண்டு போவான் என்று பேச்சு. கடைசியில் ஒருநாள், டவுன் பஸ்ஸை அவன் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு, கண்டக்டரைத் தவிர ஒரு உயிரும் இல்லாமல் ஓட்டிக்கொண்டு போனான். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நிறுத்தினான். நாங்கள் குடையைச் சரித்து முகத்தை மறைத்துக்கொண்டோம். டிப்போவில் அவனைக் கூப்பிட்டு, கொஞ்ச நாள் ஒர்க்‌ஷாப்பில் இரு என்று சொல்லிவிட்டார்கள். பதினெட்டு வருஷம் ஸ்டியரிங் பிடித்தவன் டயருக்குக் காற்றுப் பிடிக்கப் போனான்.

மாரிக்கனி வற்றிப் போனாள். என்னிடம் அளவு கொடுத்துத் தைத்த ஜாக்கெட்டெல்லாம் அவள் மேல் கொடியில் காய்வது போல் தொங்கின. பிடித்துத் தரட்டுமா என்று கேட்டால், "யாருக்கு வேணும்க்கா" என்பாள்.

ஒரு வருஷமும் சில நாளும் போயிருக்கும். ஒரு மத்தியானம் அங்கன்வாடியிலிருந்து வேகமாக வந்தாள். பிள்ளைகளைச் சுவரோடு நிறுத்தி உயரம் அளந்துகொண்டிருந்தபோது அவளுக்கு ஒன்று தோன்றியிருக்கிறது. "அக்கா, எல்லாரும் பாத்தோம், யாருக்கும் மூஞ்சி தெரியல. அவருக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுச்சு? உயரம்தான?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் கிடந்த செங்கல்லை எடுத்து நிலைக்கு முன்னால் அடுக்க ஆரம்பித்தாள். நான்கு வரிசை அடுக்கி, என் தோளைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி நின்றாள். நானும் பக்கத்தில் அடுக்கி ஏறினேன். அவன் கண் உயரத்துக்குப் போனதும் கண்ணாடியின் கூச்சம் ஒதுங்கிவிட்டது.

படத்தில் மீசை இல்லை. மாரிக்கனி இருந்தாள். கிளிப்பச்சைப் பட்டு, அரக்குப் பார்டர், அரக்கு ஜாக்கெட். கொஞ்சம் சிரித்த முகம். என் பிழைப்பு அப்படி, பயத்திலும் என் கண் தையலுக்குத்தான் போயிற்று. வலது தோளில், முந்தானை வராத தோளில், ஜாக்கெட்டின் மேல் நாலு மடிப்பு விழுந்திருந்தது. யார் தைத்ததோ, தோள் இறக்கம் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

"இந்த மாதிரிச் சேலை எங்கிட்ட இல்லையே" என்றாள் மாரிக்கனி. பிறகு இறங்கி, செங்கல் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தபடியே, "ஒரு வருசமா எனக்காகச் செத்திருக்காருக்கா அந்த மனுசன்" என்றாள். அவள் அழுததை நான் முதன்முதலாக அன்றுதான் பார்த்தேன்.

அவள் நேரே பஸ் ஸ்டாப்புக்குப் போனாள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் நடுவில் நின்று, "படத்துல இருக்கிறது நான். அவரு இல்ல. வேணும்னா செங்கல் அடுக்கி வச்சிருக்கேன், போய்ப் பாருங்க. நாளையிலருந்து அவரு பஸ்ஸுல ஏறுங்க" என்றாள். வரிசையில் நின்று ஏறிப் பார்த்தார்கள். பத்து நாளில் டிப்போ அவனுக்கு வண்டியைத் திருப்பிக் கொடுத்தது, முதல் டிரிப்பிலேயே படிக்கட்டில் தொங்கினார்கள். அதே வாரம் அங்கன்வாடியில் பிள்ளைகள் வரத்து பாதியானது. பயம் எங்களை விட்டுப் போகவில்லை, வீடு மாற்றிக்கொண்டது. இரண்டு வாரம் பிள்ளைகளை மடியில் கட்டிக்கொண்டு இருந்து பார்த்துவிட்டு, வேலைக்குப் போகிறவர்கள் மறுபடி கொண்டுவந்து விட்டார்கள்.

படத்தை ஏறிப் பார்த்த அன்று சாயங்காலமே புருஷனும் பெண்டாட்டியும் என் வீட்டில்தான் பேசினார்கள். பேசினார்கள் என்று சொல்வதற்கில்லை. "ஏன் பொய் சொன்னீங்க?" என்றாள். அவன் தரையைப் பார்த்தான். "சாவு எனக்குன்னு சொன்னா நான் தூங்கிருவேன். உனக்குன்னு தெரிஞ்சா நீ தூங்கமாட்ட" என்றான். அவள், "வீட்டைக் கட்டுவோம்" என்றாள். அவன் முடியாது என்றான். அவள் சொன்னாள்: "பாதி கட்டின வீட்ல பயம் முழுசாக் குடியிருக்கு. அது இருக்கிற எடத்துல நாம இருந்துட்டுப் போவோம். கட்டலேன்னா மட்டும் அந்தப் பல்பு அணைஞ்சா போச்சு?" யாழினி என் மிஷினின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சோலையப்பன் கடைசியில் ஒரு நிபந்தனை போட்டான். அந்த வீட்டில் எந்தச் சுவரிலும் ஒரு ஆணிகூட அடிக்கக்கூடாது.

அப்படித்தான் கட்டினார்கள். துருவேறிய கம்பியை இரும்பு பிரஷ் போட்டுத் தேய்த்து, சிமெண்ட் பால் அடித்து, கல்லாகிப்போன சிமெண்ட் மூட்டையைப் பின்வாசலுக்குப் படியாகப் போட்டு, பயத்தில் பிளானில் திறந்துவைத்த ஆர்ச்சையும் ஜன்னலையும் அடித்துவிட்டு மறுபடி சுவராகவே எழுப்பி, என் போர்வெல் தண்ணீரைக் காலையும் மாலையும் சுவருக்கு ஊற்றி ஊற்றி, அந்த வீடு எழும்பியது. கடிகாரத்துக்கு மாடம். காலண்டருக்கு மாடம். கண்ணாடியைச் சிமெண்டோடு சேர்த்துச் சுவரிலேயே பதித்தார்கள். சாமி படம்கூட ஷெல்பில் சாய்ந்துதான் நின்றது. "சென்ட்ரிங் பலகைக்காச்சும் ஆணி அடிக்க விடுங்க, அண்ணாச்சி, பிரிக்கும்போது நானே எண்ணிக் கொடுத்துர்றேன்" என்று தங்கப்பாண்டி கேட்டு வாங்கிக்கொண்டார், சொன்னபடி எண்ணியும் கொடுத்தார். சுவர் எழும்ப எழும்ப நிலைக்குள் தெரிந்த வீடும் நிலைக்குப் பின்னால் எழும்பிய வீடும் ஒன்றின் மேல் ஒன்று படிந்துகொண்டு வந்தன. எந்த நாளில் அது மறைந்து இது மட்டும் மிஞ்சியது என்று எங்களில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. கதவு மாட்டிய அன்று திறந்து பார்த்தோம். எல்லாம் அப்படியே இருந்தது, வெள்ளை டைல்ஸ் உட்பட. தெற்குச் சுவரில் படம் இல்லை. ஆணியும் இல்லை. நாங்கள் எல்லோரும் அந்த வெற்றுச் சுவரைத்தான் பார்த்தோம்.

தை மாதம் பால் காய்ச்ச நாள் குறித்தார்கள். அதற்கு இருபது நாள் முன்னால், மாரிக்கனியின் தம்பி ராமரின் பெண்டாட்டி ஒரு பையோடு என் வீட்டுக்கு வந்தாள். பிறந்த வீட்டுச் சீராக மாரிக்கனிக்குப் பட்டு எடுத்திருப்பதாகவும், மதினிக்குத் தெரியவேண்டாம், அளவுதான் உங்களிடம் இருக்குமே, ஜாக்கெட் தைத்துக் கொடுங்கள் என்றும் சொன்னாள். அவர்கள் வெளியூரில் இருப்பவர்கள், செங்கல் மேல் ஏறிப் பார்க்காதவர்கள். பையைப் பிரித்தால் கிளிப்பச்சை, அரக்குப் பார்டர்.

கலர் மாற்றச் சொன்னேன். கடையில் திருப்பி எடுக்கமாட்டார்கள் என்றாள். காரணத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சீர் கொண்டுவந்தவளிடம் நீ உன் நாத்தனாருக்குச் சாவுச் சேலை எடுத்திருக்கிறாய் என்று எப்படிச் சொல்வது? அவள் போனபிறகு துணியை மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு ஒரு தையல்காரி செய்யக்கூடாத பாவத்தைத் தெரிந்தே செய்தேன். வீடு எழும்பிய மாதங்களில் அவள் தேறிப் பழைய உடம்புக்கு வந்துவிட்டாள் என்று நினைத்து, பழைய அளவில் சுற்றுக்கு மூன்று அங்குலம் குறைத்து வெட்டினேன். பிரித்துவிடத் துணியும் உள்ளே விடவில்லை. ஜாக்கெட் ஏறாவிட்டால் அந்தச் சேலையைக் கட்டமாட்டாள், கட்டாவிட்டால் படம் இல்லை.

பால் காய்ச்சுகிற அன்று பசுவும் கன்றும் வந்து, ஐயர் வந்து, பால் பொங்கி, சீர்த்தட்டுகள் வந்தன. ராமர் தட்டின் மேல் துணியை எடுத்தான். மாரிக்கனி பார்த்தாள். சோலையப்பன் பார்த்தான். செங்கல் ஏறிய தெரு முழுக்கப் பார்த்தது. மேளக்காரர் மட்டும் வாசித்துக்கொண்டிருந்தார்.

"அந்தச் சேலை வேண்டாம்" என்றான் சோலையப்பன்.

ராமரின் முகம் விழுந்துவிட்டது. "என் சீரை வேணாங்கிறீங்களா மச்சான்? எங்க அப்பா அம்மா இருந்திருந்தா இப்படிச் சொல்லுவீங்களா?" என்றான். அவன் பெண்டாட்டி கண்ணைத் துடைத்தாள். ஒருவர் வாயைத் திறந்து விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். நல்ல நாளில், பொங்கிய பாலுக்கு முன்னால், சாவென்ற சொல்லை எடுக்க யாருக்கும் துணிவில்லை. மாரிக்கனிதான் தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, "கட்டிக்கிறேன்டா தம்பி" என்றாள்.

வீடு நிறைய ஆட்கள் என்று என் வீட்டுக்குத்தான் உடுத்த வந்தாள். என் வீட்டுக்காரரின் படத்துக்குக் கீழேதான் என் கண்ணாடி இருக்கிறது. அவர் திடீரென்று போனபோது தனியாக ஒரு படம் இல்லாமல், நாத்தனார் கல்யாணக் கூட்டத்தில் எடுத்ததிலிருந்து வெட்டிப் பெரிதாக்கியது அது; பக்கத்தில் நின்ற யாரோ ஒருவரின் காது இன்றுவரை அவர் கன்னத்தோடு சேர்ந்து மாலை வாங்கிக்கொண்டிருக்கிறது. மாரிக்கனி அதைப் பார்க்காமல் ஜாக்கெட்டில் கையை நுழைத்தாள். ஊக்கு எட்டாமல் போகும் என்று நான் காத்து நின்றேன். ஊக்கு ஒவ்வொன்றாக மாட்டியது. ஒரு வருஷப் பயம் அவள் உடம்பில் மூன்று அங்குலத்தைத் தின்றிருந்தது. பழைய அளவில் தைத்திருந்தால் தொங்கியிருக்கும், கட்ட முடியாமல் போயிருக்கும். நான் குறைத்து வெட்டியது அவளுக்கென்றே அளந்த மாதிரி உட்கார்ந்தது.

"பயமா இருக்குக்கா" என்றாள். "ஆனா கட்டலேன்னாலும் பயமாத்தான இருக்கும். ஒண்ணு செய்ங்க. என்னையத் தனியா ஒரு போட்டோகூட எடுக்க விடாதீங்க. தனிப் படம் இருந்தாத்தான மாட்டுவாங்க."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. என் தலைக்கு மேலேயே அந்தக் காது இருந்தும் எனக்கு நல்ல யோசனையாகத்தான் பட்டது.

போட்டோகிராபர் மூன்று தடவை, "அக்கா மட்டும் தனியா ஒண்ணு நில்லுங்க" என்று கேட்டான். மூன்று தடவையும் அவள் யாழினியை இழுத்துக்கொண்டாள், தம்பியை இழுத்துக்கொண்டாள். கடைசியில் வாசலில், அந்த நிலைக்கு முன்னால் நிற்கச் சொன்னபோது, சோலையப்பனைக் கூப்பிட்டு இடது பக்கம் நிறுத்திக்கொண்டு, "எங்க ரெண்டு பேரையும் சேத்தே எடுங்க தம்பி" என்றாள். நான் என் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். "அண்ணே, விறைப்பா நிக்காதீங்க. தோள்ல கையப் போட்டு நில்லுங்க" என்றான் போட்டோகிராபர். தெருவே சிரித்தது. பதினைந்து வருஷத்தில் நாலு பேர் பார்க்கப் பெண்டாட்டியைத் தொட்டறியாத சோலையப்பன், வெட்கப்பட்டு, கையை அவள் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வலது தோளில் வைத்தான். அரக்கு ஜாக்கெட்டின் மேல் அவனுடைய நாலு விரல் படிந்தது.

நாலு மடிப்பு. செங்கல் மேல் நின்று நான் பார்த்த, தோள் இறக்கம் சரியில்லை என்று நான் குறை கண்ட அதே நாலு மடிப்பு. துணி மடிப்பு இல்லை, பக்கத்தில் நிற்பவனை வெட்டி எடுத்தபின் மிஞ்சுகிற விரல்கள்.

கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தேன். மாரிக்கனி பயம் தெளிந்து, புருஷனின் கை தோளில் இருக்கிற நிம்மதியில், கொஞ்சமாகச் சிரித்தாள். போட்டோகிராபர் எடுத்துவிட்டான்.

ஆல்பம் வந்தபோது, கூடவே பெரிதாக்கிய படம் ஒன்றை இலவசமாகச் சட்டம் போட்டுக் கொடுத்தான், அந்தப் படத்தைத்தான். மாரிக்கனிக்கு இவ்வளவு நல்ல படம் இதுவரை அமைந்ததில்லை என்று தெருவில் எல்லோரும் சொன்னார்கள். சொல்லிவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சோலையப்பன் அதைச் செய்தித்தாளில் சுற்றிப் பரண் மேல் வைத்துவிட்டான், மாட்ட ஆணி இல்லை என்று வந்தவர்களிடம் சொல்கிறான். அந்த நாலு விரலைப் பற்றி நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அவன் கையை அவன் எப்படிப் பார்ப்பான் அதற்குப் பிறகு?

அந்த வீட்டில் குழம்பு கொதிக்கிறது, டிவி ஓடுகிறது, மாடிப்படி வெளியே இருப்பதைப் பற்றி இப்போதும் சண்டை நடக்கிறது. நான் தினமும் காலையில் எழுந்ததும் பல்கூட விளக்காமல் எதிர்வாசலைத்தான் பார்க்கிறேன். ஆறரைக்கு அவள் கோலப்பொடி டப்பாவோடு வருவாள், வந்த பிறகுதான் எனக்கு அடுப்புப் பற்ற வைக்கக் கை வரும். இன்று ஏழாகியும் கதவு திறக்கவில்லை. ஏழேகாலும் ஆயிற்று. செருப்பைக்கூடப் போடாமல் இறங்கி, தெருவில் பாதி கடந்திருப்பேன், கதவு திறந்தது. தூங்கின கண்ணும் கலைந்த தலையுமாக மாரிக்கனி நின்று, "என்னக்கா?" என்றாள்.

"ஒண்ணுமில்ல, உங்க வீட்ல தண்ணி வருதான்னு கேக்க வந்தேன்" என்றேன்.